கூத்தின் விடியற்காலை ஏன் பதிவில் இல்லாமல் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூத்துக்கு வரும் இளைஞர்கள் இரவு முழுவதையும் லேப்டாப்பில் பதிவு செய்து வைக்கிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு படம். களரி ஓரத்தில், ஆர்மோனியக்காரருக்குப் பின்னால், ஒரு பையன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு பதைத்தது. நேராக அந்தப் பென்டிரைவிலேயே பதிவு செய்கிறானோ, எட்டு மணி நேரத்தையும் ஒரே ஃபைலாக எடுக்கிறானோ என்று கேட்கத் தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், நடுவில் கணக்கும் வரும். முடிந்தால் வெட்டாமல் போடுங்கள். இந்தக் கணக்கு தெரியாததால் நான் இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். என் தாய்மாமா கூத்து வாத்தியார். நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில், பெண்ணையாற்றுப் பக்கம் அவர் ஊர். 16 வயதில் கட்டை கட்டி வேஷம் போடத் தொடங்கியவர். 40 வருடத்துக்கு மேல் கர்ணன் வேஷம் அவருடையதுதான். துரோபதை அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் படிப்பார், இரவில் கூத்து. கர்ணன் விழும் இரவுக்கு மாமாவைத் தேடி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டர் கட்டிக்கொண்டு வருவார்கள்.

அவர் பாட்டெல்லாம் ஒரு காலத்தில் கேசட்டில் இருந்தது. மைக்செட்காரர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட்டுகள், ஒரு தகரப் பெட்டி நிறைய. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது மாமா வீட்டுக் கூரை ஓடு போனது. பெட்டியும் நனைந்தது. உலர்த்தி ஓட்டிப் பார்த்தோம். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் இனிமேல் கம்ப்யூட்டரில் எடுத்து வைப்போம் என்று நான் முடிவு செய்தேன்.

என்னிடம் இருந்தது அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் மகனுக்கு வந்த லேப்டாப். பிற்பாடு அது மெதுவாகிப்போனதால் மகன் அதில் லுபுண்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். பழைய மெஷினுக்கு அது நன்றாகவே ஓடுகிறது. வைரஸ் தொல்லை இல்லை, நடு ராத்திரியில் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆவதும் இல்லை. கூத்துப் பதிவுக்கு லினக்ஸ் நல்ல துணை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நான் பட்ட அடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2017 சித்திரை. மாமா ஊருக்குப் பக்கத்து ஊரில் கர்ணன் இரவு. லேப்டாப்பின் உள் டிஸ்க் கடை ஃபைல்களால் நிறைந்திருந்தது. புதிதாக ஒரு 32 ஜிபி பென்டிரைவ் வாங்கிச் செருகி, பதிவு நேராக அதிலேயே விழும்படி வைத்தேன். சிடி தரம், ஸ்டீரியோ, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் ஃபைல். இரவு 9.50-க்கு மிருதங்கமும் முகவீணையும் களரி கட்ட ஆரம்பித்தபோது பட்டனை அழுத்தினேன். கட்டியங்காரன் வந்தான், திரை பிடித்தார்கள், ஒவ்வொரு வேஷமாகத் திரை விருத்தம் பாடி வெளியே வந்தது. மூன்று மணிக்கு எழுந்து ஒரு தடவை பார்த்தேன். மீட்டரில் பச்சைக் கோடு ஆடிக்கொண்டிருந்தது. பென்டிரைவில் இடம் ஏராளமாக இருந்தது. நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தேர்ச்சக்கரம் மண்ணில் அழுந்திய பிறகு கர்ணன் பாடும் விருத்தங்கள் சுமார் ஐந்து மணிக்கு வரும். அப்போது கூட்டம் தூங்கி எழுந்து மறுபடியும் நெருங்கி உட்கார்ந்திருக்கும். மாமா அன்றைக்குப் பாடிய மாதிரி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். வெறும் குரல் மட்டும்.

ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால், ஃபைல் பெரிதாகிவிட்டது, எழுத முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி நின்றது. ஃபைல் கடைசியாக எழுதப்பட்ட நேரம் 4.35. அதற்கப்புறம் ஒரு பைட்கூட இல்லை. பென்டிரைவிலோ 20 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது.

இரண்டு வாரம் அந்தப் பென்டிரைவைக் குடைந்தேன். அழிந்த ஃபைலை மீட்கும் நிரல்களையெல்லாம் ஓட்டினேன். எழுதப்படாத ஒன்றை எந்த நிரல் மீட்கும்?

காரணம் பிறகுதான் புரிந்தது. பெரும்பாலான 32 ஜிபி, அதற்குக் குறைந்த பென்டிரைவுகளும் மெமரி கார்டுகளும் ஃபேட்-32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்யப்பட்டு வருகின்றன. அந்த முறையில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. சரியாகச் சொன்னால் 429,49,67,295 பைட். அதுதான் உச்சி. இதைக் கூத்து நேரமாக மாற்றிப் பாருங்கள். சிடி தரம் என்றால் வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் 2 பைட். இடது, வலது என்று இரண்டு சானல். ஆக வினாடிக்கு 1,76,400 பைட். ஒரு நிமிடத்துக்குச் சுமார் ஒரு கோடி பைட், ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி. இந்தக் கணக்கில் 4 ஜிபி நிறைய 6 மணி 45 நிமிடம் ஆகும். 9.50-இலிருந்து எண்ணினால் 4.35. கச்சேரி பதிவு செய்கிறவருக்கு இந்த வரம்பு கண்ணிலேயே படாது, இரண்டரை மணி நேரத்தில் மங்களம் பாடிவிடுவார்கள். விடிய விடிய நடக்கும் கூத்துக்குத்தான் இது கழுத்தைப் பிடிக்கிறது. அதுவும் சரியாக, ஊரே எதற்காக விழித்திருந்ததோ அந்த நேரத்தில்.

உங்கள் பென்டிரைவ் எந்த வகை என்று பார்க்க லினக்ஸில் ஒரு நிமிடம் போதும். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளையுடன் ஒரு சிறு கோடும் 'எஃப்' எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், செருகியுள்ள ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எதிரே அதன் வகை வரும். 'விஃபேட்' என்று காட்டினால் அது ஃபேட் வகைதான், அதில் நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள். லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் பெரும்பாலும் 'எக்ஸ்ட்-4' இருக்கும். அங்கே இந்த வரம்பு கிடையாது. பென்டிரைவில்தான் வைத்தாக வேண்டும் என்றால் இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் என்ற வகையாக மாற்றி ஃபார்மட் செய்துகொள்ளலாம், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு. 2020-க்குப் பிந்தைய லினக்ஸ் என்றால் எக்ஸ்ஃபேட்டைத் தனியாக எதுவும் நிறுவாமலே படிக்கும், எழுதும். பழைய லினக்ஸுக்கு அதற்கான நிரலைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மறு வருடம் உஷாராக இருந்தேன். டிஸ்க்கில் இடம் ஒழித்து, உள் டிஸ்க்கிலேயே பதிவு வைத்தேன். 9.50-இலிருந்து 5.50 வரை, சரியாக எட்டு மணி நேரம். காலையில் ஃபைல் இருந்தது, 5.1 ஜிபி. எவ்வளவு சந்தோஷம்! பிளேயரில் திறந்தேன். மொத்த நேரம் ஒரு மணி 14 நிமிடம் என்று காட்டியது. ஓட விட்டால் ஒரு மணி 14 நிமிடத்தில் நின்றுவிட்டது. களரி கட்டுவதும் முதல் இரண்டு வேஷமும் மட்டும்தான்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட எண்ணத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பலருக்கும் அதுவே தோன்றும். ஃபைல் கெட்டுவிட்டது, டிலீட் செய்துவிடலாம் என்று மவுஸைக் கொண்டுபோய்விட்டேன். என்னைத் தடுத்தது அளவுதான். ஒரு மணி 14 நிமிடத்துக்கு எதற்கு 5.1 ஜிபி? வினாடிக்கு 1,76,400 என்ற கணக்கு போன வருடத்துக் காயத்தால் மனப்பாடமாகியிருந்தது. 508 கோடியை அதால் வகுத்தேன். 28,800 வினாடி. எட்டு மணி நேரமும் உள்ளே இருக்கிறது!

நடந்தது இதுதான். வேவ் ஃபைலின் தலையில் ஹெட்டர் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. இந்த ஃபைலில் எத்தனை பைட் ஒலி என்பதை அதில் எழுதி வைப்பார்கள். அந்த எண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் நான்கே பைட். வேவ் ஃபார்மட் 1991-இல் வந்தது. அப்போது வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கே 4 ஜிபி கிடையாது, அதனால் அந்த இடம் தாராளமாகத்தான் தெரிந்திருக்கும். நான்கு பைட்டில் எழுதக்கூடிய பெரிய எண், மேலே சொன்ன அதே 429 கோடி சொச்சம்தான். அதைத் தாண்டினால், பழைய கரண்ட் மீட்டரில் 9999-க்கு அப்புறம் 0000 வருவது போல, எண் மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். 508 கோடியில் 429 கோடி கழிந்து மிச்சமிருந்த 78 கோடி பைட்டைத்தான் ஹெட்டர் காட்டியது. அதுதான் அந்த ஒரு மணி 14 நிமிடம். பிளேயர் ஹெட்டரை நம்பி அங்கேயே நின்றுவிட்டது. ஒலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

'சாக்ஸ்' என்று லினக்ஸில் ஒரு பழைய நிரல் உண்டு. உள்ளே வரும் ஃபைலின் பெயருக்கு முன்னால் 'இக்னோர் லெங்த்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், ஹெட்டர் சொல்லும் நீளத்தைப் பொருட்படுத்தாமல் ஃபைலின் கடைசி பைட் வரை படிக்கும். வெளியே வருவதை மறுபடியும் வேவ் என்று கேட்காதீர்கள், திரும்ப அதே சுவரில் முட்டும். ஒலி குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைலாகக் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் எட்டு மணி நேரமும் கிடைத்தது. டெர்மினல் பழக்கம் இல்லாதவர்கள் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் 'ரா டேட்டா' என்று இறக்குமதி செய்து, 16 பிட், லிட்டில் எண்டியன், இரண்டு சானல், 44,100 என்று கையால் கொடுத்தாலும் முழுவதும் வரும். தொடக்கத்தில் ஹெட்டர் இருந்த இடம் ஒரு சின்ன 'டக்' சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த இரவில் மாமாவின் குரல் வேறாகிவிட்டிருந்தது. நடுவில் தொண்டையில் ஒரு அறுவை சிகிச்சை. உச்சத்துக்குப் போகும் இடங்களைப் பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். இப்போது மாமா வேஷம் கட்டுவதில்லை. தாளம் போடுகிறார், ஐந்தாறு பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். "பாப்பா, அந்த மொத வருஷத்துத் தேர்ச் சக்கரம் இருக்கா, பசங்களுக்குப் போட்டுக் காட்டணும்" என்று எப்போதாவது கேட்பார். 4.35 வரைதான் இருக்கிறது என்பதை அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். மூன்றாம் தடவை சொல்ல வாய் வரவில்லை.

4 ஜிபி மட்டும்தான் வரம்பு என்று நினைத்துவிட வேண்டாம். சில நிரல்கள் அந்த நான்கு பைட்டில் ஒரு பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கென்று ஒதுக்கிவிடுவதால் 2 ஜிபியிலேயே நின்றுவிடும். சிடி தரத்தில் அது 3 மணி 22 நிமிடம். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் ஒன்றரை மணிக்கு முன்பே நின்றுவிடும். தரத்தை ஏற்றினால் இன்னும் சீக்கிரம் வரும். ஆடாசிட்டி சாதாரணமாக 32 பிட்டில் பதிவு செய்யும். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட், ஸ்டீரியோ என்றால் ஒன்றரை மணி நேரத்தில் 2 ஜிபி, மூன்று மணி நேரத்தில் 4 ஜிபி. ஆடாசிட்டி தன் சொந்த ப்ராஜெக்ட் ஃபைலில் வைத்திருக்கும் வரை பிரச்சினை தெரியாது. காலையில் வேவாக எக்ஸ்போர்ட் செய்யும்போது தெரியும். உயர்ந்த தரம் நல்லதுதானே என்று கேட்பார்கள். பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் வந்துவிட்ட களரியில், கூம்பு ஸ்பீக்கர் அலறும் இடத்தில், 16 பிட்டுக்கு மேல் எடுப்பதால் என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மோனோவில் எடுத்தால் பாதிதானே, தப்பித்துவிடலாமே என்று நானும் நினைத்தேன். 4 ஜிபி வரம்புக்குத் தப்பிக்கலாம், எட்டு மணி நேரம் 2.5 ஜிபிதான். ஆனால் 2 ஜிபியில் நிற்கும் நிரல் என்றால் மோனோவுக்கும் அதே 6 மணி 45 நிமிடம்தான் வருகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள், மறுபடியும் 4.35! இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். மற்றபடி ஒரே ஒரு மைக் தொங்க விட்டிருந்தால் ஸ்டீரியோவில் எடுப்பது ஒரே ஒலியை இரண்டு தடவை எழுதுவதுதான், மோனோவே போதும். நான் இப்போது மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயரை இடது சானலுக்கும், மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கட்டிய தனி மைக்கை வலது சானலுக்கும் கொடுக்கிறேன். அதனால் ஸ்டீரியோ. மிக்சரில் பாட்டு மட்டும் தெளிவாக வரும். அடவுக்குச் சலங்கை விழும் சத்தமும் ஜனங்கள் போடும் விசிலும் மற்றதில்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் தபசு மரம் ஏறும் இரவைப் பதிவு செய்துகொண்டு வந்தான். "அத்தை, ராத்திரி முழுக்க எடுத்தும் 230 எம்பிதான் ஆச்சு" என்று பெருமையாகச் சொன்னான். கேட்டால் ரேடியோ ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத மாதிரி இரைச்சல், முகவீணை இருக்கும் இடமே தெரியவில்லை. லினக்ஸில் 'ஏரெக்கார்ட்' என்ற கட்டளையை வேறு எதுவும் சொல்லாமல் வெறுமனே கொடுத்தால், அது வினாடிக்கு 8,000 தடவை, 8 பிட், மோனோ என்றுதான் எடுக்கும். பழைய டெலிபோன் அளவு. 8,000 தடவை அளந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஒலி எதுவும் பதிவிலேயே இருக்காது. முகவீணையின் கூர்மை, சலங்கை, ஜால்ரா எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. அந்த இரவும் போனதுதான். ஃபைல் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுவது போலவே, சிறிதாக இருந்தாலும் பட வேண்டும். ஐந்து நிமிடம் முன்னோட்டமாக எடுத்து அளவைப் பாருங்கள். சிடி தரம், ஸ்டீரியோ என்றால் 53 எம்பி இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் செட்டிங் தப்பு.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். கேசட் காலத்தில் மைக்செட்காரர் 90 நிமிடக் கேசட் ஆறு எடுத்து வருவார். முக்கால் மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். அதைத் தொல்லை என்று நினைத்தோம். ஆனால் ஒரு கேசட் சிக்கினால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் போகும், மீதி இரவு பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டரில் பக்கம் மாற்ற வேண்டியதில்லை என்பதால் இரவு முழுவதையும் ஒரே கூடையில் போட்டுவிட்டோம். நான் திரும்பக் கேசட் வழக்கத்துக்கே போய்விட்டேன். அதே 'ஏரெக்கார்ட்' கட்டளையில் சிடி தரம் என்று சொல்லி, 'மேக்ஸ் ஃபைல் டைம்' என்ற ஆப்ஷனில் 3,600 என்று கொடுத்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதுவே ஃபைலை மூடி அடுத்ததைத் திறந்துகொள்ளும். பெயருக்குப் பின்னால் 01, 02 என்று அதுவே எண்ணும் போடும். (அந்த ஆப்ஷனின் மூன்று சொற்களுக்கும் நடுவே சிறு கோடு வர வேண்டும், முன்னால் இரண்டு கோடு.) ஒவ்வொன்றும் 635 எம்பி. எந்த வரம்பும் கிட்டே வராது, எந்தப் பென்டிரைவிலும் ஏறும். இரண்டு ஃபைல்களை ஒட்டிப் போட்டுக் கேட்டேன், நடுவில் ஒரு சொல்லும் விழவில்லை.

இதில் எனக்கு அதிகம் பிடித்தது கரண்ட் போகும்போது கிடைக்கும் பாதுகாப்பு. வேவ் ஃபைலின் ஹெட்டரில் சரியான நீளம் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தால் ஹெட்டர் தப்பாகவே நின்றுவிடும். ஒரே ஃபைல் என்றால் முழு இரவும் திறக்காது. மணிக்கு ஒன்று என்றால் கடைசி ஒன்றுதான் அப்படி ஆகும், அதையும் மேலே சொன்ன சாக்ஸ் வழியில் எடுத்துவிடலாம்.

காலையில் வீட்டுக்கு வந்ததும் வேவ் ஃபைல்களை ஃபிளாக்காக மாற்றுகிறேன். ஒலியில் ஒரு துளியும் குறையாமல் சுருக்கும் முறை அது. எட்டு மணி நேரக் கூத்து எனக்குச் சுமார் 3 ஜிபிக்குள் அடங்குகிறது. மாற்றியதைத் திறந்து கேட்ட பிறகுதான் வேவை அழிப்பேன். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, மிகவும் சிறிதாகச் சுருக்கும் ஓபஸ் ஃபைல் தனியாக. 32 கிலோபிட்டில் மோனோவாக எடுத்தால் முழு இரவும் 115 எம்பிதான், பாட்டு நன்றாகவே புரியும். ஆனால் மூலத்தை அழித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் வைத்திருக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவு செய்து அதை விட்டுவிடுங்கள்.

டிஸ்க்கில் இடம் பார்க்கும்போது ஒரு விஷயம். எக்ஸ்ட்-4 டிஸ்க்கில் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (கம்ப்யூட்டரின் நிர்வாகிக் கணக்கு) லினக்ஸ் ஒதுக்கி வைத்திருக்கும், அது நமக்குக் கிடைக்காது. 'டிஎஃப்' கட்டளையில் 'அவெய்ல்' என்ற பத்தியில் வரும் எண்தான் நமக்கு உள்ளது. ஒரு இரவுக்கு 6 ஜிபி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

விருப்பமுள்ளவர்கள் ஆர்எஃப்-64, டபிள்யூ-64 என்ற ஃபார்மட்களைப் பார்க்கலாம். ஹெட்டரில் நீளத்துக்கு எட்டு பைட் ஒதுக்கியவை, நம் ஆயுசுக்கும் நிறையாது. ஆனால் எல்லா பிளேயரும் அவற்றைத் திறப்பதில்லை. மாமா வீட்டு ஸ்பீக்கரில் பென்டிரைவைச் செருகினால் பாட வேண்டும் என்பது என் தேவை, அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை எடுத்த உங்கள் செய்தியாளருக்கு அந்தப் பையனின் ஊர் தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தை அவனிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அவனிடமும், அவனைப் போலப் பதிவு செய்கிற மற்ற பிள்ளைகளிடமும், திறக்காத ஃபைல், பாதியில் நிற்கும் ஃபைல், நேரம் தப்பாகக் காட்டும் ஃபைல் என்று ஏதாவது இருக்கும். அவற்றின் அளவை 1,76,400-ஆல் வகுத்துப் பார்க்கட்டும், மோனோ என்றால் 88,200-ஆல். இது 16 பிட் சிடி தரத்துக்கான கணக்கு. வரும் வினாடிகள் ஒரு முழு இரவுக்குச் சரியாக வந்தால் கூத்து உள்ளேதான் இருக்கிறது. அதுவரை எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.